செல்லை மாட்டியும் விழிக்காத சிப்: லித்தியம்-அயான் பாதுகாப்பு சிப்களின் தொடக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்களைச் சரியாக அடுக்கி, அவற்றைக் காக்கும் சிப் உள்ள போர்டில் பேலன்ஸ் வயர்களை (ஒவ்வொரு செல் இணைப்பிலிருந்தும் சிப்புக்குப் போகும் மெல்லிய வயர்கள்) சொருகி, பேக்கின் வெளிமுனையில் மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்டும். உடனே "போர்டு போச்சு" என்று சிப்பைச் சூடாக்கிக் கழற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் முன்பு இரண்டு நல்ல சிப்களை அப்படிக் கழற்றியிருக்கிறேன், இரண்டும் தூங்கிக்கொண்டுதான் இருந்தன. செல்லை இணைப்பது ஒரு கட்டம், சிப் விழிப்பது அடுத்த கட்டம், விழித்த சிப் மாஸ்ஃபெட்டை (கரன்ட்டுக்குக் கதவாக நிற்கும் மின்சுவிட்ச்) திறந்து கரன்ட்டை வெளியே விடுவது மூன்றாவது கட்டம். எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கீழே உள்ளவை எல்லாம் இந்த மூன்று கட்டங்களைச் சுற்றி வருகிற கேள்விகள்.

செல்களை இணைத்தவுடன் சிப் ஏன் தானாக ஓடத் தொடங்குவதில்லை?

வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பேக் தயாராகி, பெட்டியில் அடைபட்டு, கிடங்கில் கிடந்து, கடைசியில் பயன்படுத்துகிறவர் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அத்தனை நாளும் சிப் விழித்திருந்தால் தான் காக்க வேண்டிய செல்லையே அது குடித்துத் தீர்த்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விழித்திருக்கும் சிப்பும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்து 100 மைக்ரோஆம்பியர் எடுத்தால், வருடத்துக்கு 8760 மணி நேரம், மொத்தம் 876 மில்லிஆம்பியர்-மணி. தனியாக விமானத்தில் அனுப்பும் லித்தியம்-அயான் பேட்டரிகள், அதாவது யூஎன்3480 என்ற வகைப்பாட்டில் வருபவை, 2016 ஏப்ரல் முதல் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல்தான் போக வேண்டும். 2500 மில்லிஆம்பியர்-மணி செல்லில் அது 750. ஆக, பத்து மாதத்தில் பேக் காலி, அதற்கு மேல் போனால் செல்லே கெட்டுவிடும். அதே சிப் தூக்கத்தில் ஒரு மைக்ரோஆம்பியர் எடுத்தால் வருடத்துக்கு 9 மில்லிஆம்பியர்-மணிகூட ஆகாது.

அதனால்தான் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் பிகியூ76920, பிகியூ76930, பிகியூ76940 குடும்பம் முதல்முறை மின்சாரம் கிடைத்ததும் நேராக ஷிப் மோடு என்ற ஆழ்தூக்கத்துக்குத்தான் போகும். அங்கே அளவெடுப்பது, ஐடூசி பேச்சு (போர்டின் குட்டிக் கணினியான மைக்ரோகன்ட்ரோலரோடு இரண்டு வயரில் பேசுவது), நிலையான 3.3 வோல்ட் தரும் ரெகுலேட்டர், மாஸ்ஃபெட் டிரைவர் எதுவும் இயங்காது. "என்னை யாராவது எழுப்புகிறார்களா" என்று பார்க்கிற ஒரு சின்ன சர்க்யூட் மட்டும் உயிரோடு இருக்கும்.

சரி, எழுப்புவது எப்படி?

சிப்புக்குச் சிப் மாறும். ஒரு சிப்பில் பழகிய கையோடு அடுத்ததைத் தொட்டால் ஏமாந்துபோவீர்கள்.

மேலே சொன்ன பிகியூ769 குடும்பத்தின் பழைய சிப்களில் டிஎஸ்1 என்ற தெர்மிஸ்டர் (வெப்பநிலையை உணரும் ரெசிஸ்டர்) பின்னில் ஒரு சின்ன மேல்நோக்கிய பல்ஸ் கொடுக்க வேண்டும். புதிய பிகியூ76952 நேர் எதிர்: தூக்கத்தில் டிஎஸ்2 பின் தானாகவே மேலே நிற்கும், அதைக் கீழே இழுத்தால் விழிக்கும், இல்லையென்றால் சார்ஜர் வந்து எல்டி பின்னில் வோல்ட்டேஜ் ஏறினாலும் விழிக்கும். லேப்டாப் வகை பேக்குகளில் வரும் பிகியூ40இசட்50 சார்ஜர் பக்கத்திலிருந்து பேக் பின்னுக்கு வோல்ட்டேஜ் வந்தால் எழும். ஒற்றைச் செல் பாதுகாப்பு சிப்களுக்கு வெளி மைனஸ் முனைதான் (சார்ஜரை மாட்டும் மைனஸ்) மணியடிக்கும் இடம். அனலாக் டிவைசஸின் எல்டிசி6811 போன்ற அடுக்கு மானிட்டர்களை (சங்கிலியாகக் கோத்து நிறையச் செல்களை அளக்கும் சிப்கள்) தொடர்பு வயரில் பல்ஸ் அனுப்பி எழுப்ப வேண்டும்.

புது சிப் ஒன்றைக் கையில் எடுத்ததும் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் தகவல் ஆவணம்) நான் முதலில் தேடுவது ஒரே ஒரு விஷயம்: எந்த பின், எந்தத் திசையில், எவ்வளவு நேரம். ரெஜிஸ்டர் (சிப்பின் அமைப்புகளும் நிலையும் இருக்கும் நினைவுக் கட்டம்) பட்டியல் எல்லாம் அப்புறம்.

பிகியூ76940-இல் டிஎஸ்1 பல்ஸ் கொடுத்தும் எழவில்லை. என்ன தவறு?

டிஎஸ்1 பின்னில் 0.3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சிப் நிச்சயம் எழாது, 1 வோல்ட்டுக்கு மேலே போனால் நிச்சயம் எழும், நடுவில் உள்ளது உறுதியில்லாத இடம். அந்த பின்னில் 10 கிலோஓம் தெர்மிஸ்டர் மைனஸை நோக்கி இருக்கும் என்பதை மறந்துவிட்டு, பொத்தானுக்கு முன்னால் 100 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டு 3.3 வோல்ட்டிலிருந்து இழுத்தால், பங்கு பிரிந்து பின்னில் வந்து சேருவது 0.3 வோல்ட்தான். மீட்டரை 3.3 வோல்ட் பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு "பல்ஸ் போகிறதே" என்று சொல்வதில் பயனில்லை, பின்னிலேயே வைத்துப் பாருங்கள். சூடான இடத்தில் தெர்மிஸ்டரின் மதிப்பு இன்னும் குறையும் என்பதால், குளிர்ச்சியில் வேலை செய்த பொத்தான் வெயிலில் கைவிடுவதும் நடக்கும்.

அடுத்தது நேரம். எழுப்பும் சிக்னல் வந்து 1 மில்லிவினாடி கழித்து ஐடூசி பேசத் தொடங்கலாம், முழுத் தொடக்கமும் முடிய 10 மில்லிவினாடி. நான் எப்போதும் இன்னும் தாராளமாக விட்டுத்தான் முதல் கேள்வியைக் கேட்பேன், அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இன்னொன்று: எழுப்பிய பிறகு பின்னை விட்டுவிட வேண்டும். விழித்தபின் அதே பின்தான் வெப்பநிலையை அளக்கிறது. பொத்தான் அழுத்தியபடியே மாட்டிக்கொண்டாலோ, மைக்ரோகன்ட்ரோலரின் பின் மேலேயே பிடித்துக்கொண்டிருந்தாலோ வெப்பநிலை தாறுமாறாக வரும்.

ஒற்றைச் செல் போர்டில் செல்லை சால்டர் செய்தேன். செல்லில் 3.7 வோல்ட் இருக்கிறது, வெளியே ஒன்றும் வரவில்லை.

டிடபிள்யூ01 வகை சிப்பும் 8205 என்ற இரட்டை மாஸ்ஃபெட்டும் உள்ள சின்ன போர்டுகளில் இது சகஜம். ஏப்ளிக் நிறுவனத்தின் எஸ்-8261 டேட்டாஷீட் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: பேட்டரியை முதல்முறை இணைக்கும்போது டிஸ்சார்ஜ் அனுமதிக்கப்படாமல் போகலாம், விஎம் பின்னையும் (வெளி மைனஸ் பக்கம்) விஎஸ்எஸ் பின்னையும் (செல் மைனஸ் பக்கம்) ஒருமுறை ஷார்ட் செய்யுங்கள் அல்லது சார்ஜரை மாட்டுங்கள்.

காரணம் இதுதான். செல்லைத் தொட்ட கணத்தில் சிப்பின் சப்ளை பூஜ்யத்திலிருந்து மேலே ஏறுகிறது. அந்த ஏற்றத்தின்போது வெளி மைனஸ் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து, செல் முழுக்கக் காலியாகிப் போன நிலையில்தான் நாம் இருக்கிறோம் என்று சிப் முடிவு செய்துகொள்ளலாம். அந்த நிலைக்குள் போனால் அது தன் சொந்தச் செலவையும் நிறுத்திவிட்டு, சார்ஜர் வரும்வரை காத்திருக்கும். இதில் பழுது எதுவும் இல்லை.

செய்ய வேண்டியது: லோடை (பேக்கிலிருந்து கரன்ட் இழுக்கும் கருவி) முழுக்கக் கழற்றிவிடுங்கள். செல்லின் வோல்ட்டேஜை அளந்து அது நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு செல் மைனஸையும் வெளி மைனஸையும் ஒரு வயரால் ஒரு நொடி தொடுங்கள். போர்டில் இரண்டுக்கும் வேறு வேறு ஆங்கில எழுத்துதான் (B-, P-) அச்சிட்டிருக்கும், ஆனால் வாயால் சொல்லும்போது இரண்டுமே "பி மைனஸ்" ஆகிவிடுவதால் இந்தப் பக்கம் முழுக்க செல் மைனஸ், வெளி மைனஸ் என்றே எழுதுகிறேன். தவறிப்போய் பிளஸ்ஸைத் தொட்டுவிட்டால் அது நேரடி ஷார்ட், அதனால் இரண்டு முறை பார்த்துவிட்டுத் தொடுங்கள். சார்ஜர் கையில் இருந்தால் அதை மாட்டுவதே நல்ல வழி.

மீட்டரில் முழு வோல்ட்டேஜ் காட்டுகிறது, சின்ன பல்பைப் போட்டாலே பூஜ்யம். செல் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் மாஸ்ஃபெட் மூடியே இருக்கிறது, உங்கள் மீட்டர்தான் ஏமாற்றுகிறது. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை 10 மெகாஓம். மூடிய மாஸ்ஃபெட் வழியாகவும் அதைச் சுற்றியுள்ள பாகங்கள் வழியாகவும் ஒரே ஒரு மைக்ரோஆம்பியர் கசிந்தால்கூட மீட்டரில் 10 வோல்ட் தெரியும். வெளிமுனைகளுக்குக் குறுக்கே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுவிட்டு அளந்து பாருங்கள். அதே கசிவு இப்போது 10 மில்லிவோல்ட் ஆகிவிடும். மாஸ்ஃபெட் உண்மையாகவே திறந்திருந்தால் வோல்ட்டேஜ் அசையாமல் நிற்கும். என் மேசையில் இதற்கென்றே இரண்டு கிளிப் வைத்த ஒரு ரெசிஸ்டர் நிரந்தரமாகக் கிடக்கிறது.

பேலன்ஸ் வயர்களை எந்த வரிசையில் இணைக்க வேண்டும்?

முதலில் செல் மைனஸ். அதன்பின் கீழிருந்து மேலாக. உங்கள் சிப்பின் ஆவணம் வேறு வரிசை சொன்னால் அதுவே செல்லும். எந்த வரிசையில் வேண்டுமானாலும் மாட்டலாம் என்று உறுதி தருகிற சிப்களும் இருக்கின்றன, அப்போதும் அதற்காக அவர்கள் கேட்கிற வெளிப் பாகங்கள் உங்கள் போர்டில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்தக் கண்டிப்பு? சிப்பின் ஒவ்வொரு பின்னுக்குள்ளும் பாதுகாப்பு டையோடுகள் உண்டு. மைனஸ் இல்லாமல் நடு வயரும் மேல் வயரும் மட்டும் இணைந்தால், கரன்ட் திரும்பிப் போக வழி தேடி அந்த டையோடுகள் வழியாகவும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் வழியாகவும் ஓடும். சிப் உடனே சாகாது. ஒரு செல்லின் அளவு மட்டும் 30, 40 மில்லிவோல்ட் தள்ளிக் காட்டத் தொடங்கும், அதற்குக் காரணம் தெரியாமல் நாள்கணக்கில் அலைவீர்கள். இப்படி அரைகுறையாகக் காயம்பட்ட சிப்தான் எனக்குப் பெரிய பயம், முழுக்கச் செத்ததாவது உடனே தெரிந்துவிடும்.

கனெக்டரைச் சொருகும்போது சின்னப் பொறி வருகிறது. கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். நீளமான வயருக்கு இன்டக்டன்ஸ் உண்டு, போர்டில் செராமிக் கப்பாசிட்டர் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் திடீர் இணைப்பில் வோல்ட்டேஜ் ஊஞ்சல்போல் ஆடும், உச்சம் பேக் வோல்ட்டேஜின் இரண்டு மடங்கை நெருங்கலாம். 60 வோல்ட் பேக்கில் ஒரு கணம் 110 வோல்ட் வந்துபோனால் எத்தனை பாகம் தாங்கும்? ஒவ்வொரு செல் பின்னுக்கு முன்னாலும் ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் போடச் சொல்வது மின் இரைச்சலை வடிகட்ட மட்டும் இல்லை, இந்த ஊஞ்சலை அடக்கவும்தான். இடம் போதவில்லை என்று அந்த ரெசிஸ்டர்களைத் தூக்காதீர்கள்.

மைக்ரோகன்ட்ரோலருக்கு சிப்பின் ரெகுலேட்டரிலிருந்தே மின்சாரம் எடுக்கலாமா?

எடுக்கலாம், நல்ல வழியும்கூட. ஆனால் சிப் ஷிப் மோடுக்குப் போனால் ரெகுலேட்டர் அணையும், அதோடு மைக்ரோகன்ட்ரோலரும் போய்விடும், அப்போது சிப்பை எழுப்ப அதால் முடியாது. மனிதர் அழுத்துகிற பொத்தான், அல்லது சார்ஜர் வந்ததை உணர்கிற சின்ன சர்க்யூட், இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும். ஃபர்ம்வேர் (மைக்ரோகன்ட்ரோலரில் ஓடும் நிரல்) சோதனையின்போது ஷிப் கட்டளையை அனுப்பிவிட்டு, பொத்தானே வைக்காத போர்டை மூடியைப் பிரித்து எழுப்ப வேண்டியதாகிவிடும்.

மைக்ரோகன்ட்ரோலருக்குத் தனி சப்ளை கொடுத்தால் வேறொரு தொல்லை. ஐடூசி வயர்களின் புல்-அப் ரெசிஸ்டர்களை (வயரை சப்ளை வோல்ட்டேஜுக்கு மேலே இழுத்துப் பிடிப்பவை) எந்த சப்ளையில் கட்டியிருக்கிறீர்கள்? மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் கட்டியிருந்தால், சிப் தூங்கும்போதும் அந்த ரெசிஸ்டர்கள் வழியாகக் கரன்ட் சிப்பின் பின்னுக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் டையோடு வழியாக அதன் 3.3 வோல்ட் லைனைப் பாதி உயரத்துக்குத் தூக்கிவிடலாம். சிப் தூங்கவும் இல்லை, விழிக்கவும் இல்லை. தூக்கத்தில் இருக்கிற சிப்பின் ரெகுலேட்டர் பின்னில் 1.2, 1.4 என்று ஒரு அசட்டு வோல்ட்டேஜ் தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். புல்-அப்களைச் சிப்பின் சொந்த ரெகுலேட்டருக்கு மாற்றுங்கள், சிப் தூங்கும்போது மைக்ரோகன்ட்ரோலரின் அந்த பின்களையும் இன்புட்டாக விட்டுவிடுங்கள்.

சிப் பதில் சொல்கிறது, ஆனால் மாஸ்ஃபெட் திறக்கவே மாட்டேன் என்கிறது.

விழித்ததும் தானாகத் திறக்காத சிப்கள் நிறைய. பிகியூ769 பழைய குடும்பத்தில் சார்ஜ், டிஸ்சார்ஜ் பிட்களில் நீங்கள்தான் 1 என்று எழுத வேண்டும். பிகியூ76952 புதிதாக வரும்போது மாஸ்ஃபெட்டைத் தானாகக் கையாளும் உரிமை அணைந்திருக்கும், அதைக் கட்டளையாலோ சிப்பில் ஒருமுறை எழுதி வைக்கும் நினைவகத்தாலோ இயக்க வேண்டும்.

பிட்டை எழுதியும் திரும்பப் படித்தால் பூஜ்யமாக இருக்கிறதென்றால் ஏதோ ஒரு பழுதுக் கொடி (பழுதைக் குறிக்கும் பிட்) நிற்கிறது என்று பொருள். பிகியூ76940-இல் நிலை ரெஜிஸ்டரைப் படியுங்கள். இணைக்கும்போது வந்த வோல்ட்டேஜ் அதிர்வில் டிவைஸ் எக்ஸ்ரெடி என்ற பிட் ஏறியிருக்கலாம், அது இருக்கும்வரை மாஸ்ஃபெட் திறக்காது. சில வினாடி பொறுத்து, அதே இடத்தில் ஒன்று என்று எழுதினால் அழியும். ஆமாம், அழிக்க ஒன்றைத்தான் எழுத வேண்டும், பூஜ்யம் எழுதினால் எதுவும் நடக்காது. திரும்பத் திரும்ப அது ஏறிக்கொண்டே இருந்தால் அழித்துக்கொண்டே ஓட்டாதீர்கள், சப்ளை பின்களின் கப்பாசிட்டர்களைப் பாருங்கள்.

எல்லாக் கொடியும் சுத்தம், பிட்டும் ஒன்று, ஆனாலும் கரன்ட் இல்லை என்றால் மாஸ்ஃபெட்டைத் திறக்கும் கேட் பின்னின் வோல்ட்டேஜை நேராக அளந்துவிடுங்கள். சிப்பின் வேலை அந்த பின்னோடு முடிகிறது.

ஒரு எச்சரிக்கை: இரண்டு மாஸ்ஃபெட்டில் ஒன்று மட்டும் திறந்திருந்தாலும் மற்றதன் உடல் டையோடு (மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவழிப் பாதை) வழியாகக் கரன்ட் ஒரு திசையில் ஓடும். வேலை செய்கிற மாதிரியே இருக்கும், அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்திருக்கும். 10 ஆம்பியரில் அது 6, 7 வாட் சூடு. போர்டைத் தொட்டால் விரல் பொசுங்கும்.

விழித்தவுடன் வருகிற முதல் அளவுகளை நம்பலாமா?

உடனே நம்பாதீர்கள். பிகியூ76940 எல்லாச் செல்களையும் ஒரு சுற்று அளக்க 250 மில்லிவினாடி எடுக்கிறது, அதற்கு முன் படித்தால் பாதி வெந்த எண்கள்தான் வரும். நான் முதல் இரண்டு சுற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றாவதிலிருந்துதான் எடுப்பேன்.

எல்லாச் செல்லும் ஒரே அளவில் தள்ளிக் காட்டினால், ஒவ்வொரு சிப்புக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக எழுதிவைத்த கெயின், ஆஃப்செட் எண்களை (அளவைத் திருத்துபவை) படிக்காமல் யாரோ ஒரு மாதிரி நிரலில் இருந்த எண்ணைப் போட்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் சிப்பிலிருந்தே படித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தடுத்த இரண்டு செல்களில் ஒன்று 4.4, மற்றது 3.0, கூட்டினால் சரியாக 7.4 என்று வந்தால் செல்களைக் குறை சொல்லாதீர்கள். இரண்டுக்கும் பொதுவான நடு வயர் தொடர்பில் இல்லை. கனெக்டருக்குள் ஊசியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள், கிரிம்ப் பிடிக்காத வயர் அப்படியே கையோடு வந்துவிடும். இந்த நிலையில் பேலன்சிங்கை (செல்களின் சார்ஜைச் சமப்படுத்துவது) ஓட விட்டால் எண்கள் இன்னும் மோசமாகும், அதனால் தொடக்கத்தில் அளவுகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்று உறுதியாகும்வரை பேலன்சிங் அணைந்தே இருக்கட்டும்.

லோடை மாட்டியதும் ஷார்ட் சர்க்யூட் என்று சொல்லி அணைந்துவிடுகிறது. ஷார்ட் எதுவுமே இல்லையே?

சிப்பின் கண்ணுக்கு அது ஷார்ட்தான். மோட்டார் கன்ட்ரோலரின் நுழைவில் 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் காலியாக இருக்கிறது, பேக் 48 வோல்ட், வயரும் மாஸ்ஃபெட்டும் செல்லும் சேர்ந்து 50 மில்லிஓம் என்று வையுங்கள். திறந்த கணத்தில் கரன்ட் 960 ஆம்பியரை நோக்கிப் பாயும். நேர மாறிலி (கரன்ட் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம்) 50 மைக்ரோவினாடி, ஆகவே 70 மைக்ரோவினாடி கழித்தும் 230 ஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். பிகியூ769 பழைய குடும்பத்தில் ஷார்ட் தாமதத்தை 70, 100, 200, 400 மைக்ரோவினாடி என்று வைக்கலாம். தாமதத்தைக் கூட்டினால் பிரச்சினை மறையும், ஆனால் அந்த நேரம் முழுக்க மாஸ்ஃபெட் அந்தக் கரன்ட்டைச் சுமக்கிறது, நிஜமான ஷார்ட் வரும் நாளில் அது வெடித்துவிடும். அதனால் தாமதத்தைக் கூட்டும் யோசனையை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அந்தக் கப்பாசிட்டரை முன்கூட்டியே மெல்ல நிரப்பும் முன்சார்ஜ் வழி ஒன்றை வையுங்கள். 100 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு சின்ன மாஸ்ஃபெட். உச்சக் கரன்ட் அரை ஆம்பியருக்குக் கீழே, அரை வினாடியில் கப்பாசிட்டர் நிறைந்துவிடும், ரெசிஸ்டரில் இறங்குகிற ஆற்றல் 1.2 ஜூலுக்குள். பிறகு பெரிய மாஸ்ஃபெட்டைத் திறந்தால் பொறிகூட வராது. பிகியூ76952-இல் இதற்கென்றே தனி டிரைவ் பின் இருக்கிறது.

ஒன்று மட்டும்: அரை வினாடிக்குப் பிறகும் வெளி வோல்ட்டேஜ் ஏறவில்லை என்றால் அங்கே உண்மையிலேயே ஷார்ட் இருக்கிறது. அந்த ஒரு சோதனையை ஃபர்ம்வேரில் கட்டாயம் எழுதுங்கள், இல்லாவிட்டால் முன்சார்ஜ் ரெசிஸ்டர் கருகும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிப் நடுவில் திரும்பத் தொடங்கினால் எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். நான் கட்டிய ஒரு நான்கு செல் பேக்கில் நிக்கல் பட்டை ஒன்றின் வெல்டு சரியாகப் பிடிக்கவில்லை. பெரிய லோடு வரும்போதெல்லாம் சப்ளை ஒரு கணம் சரிந்து, சிப் ரீசெட் ஆகி, தானாகவே எழுந்து தொழிற்சாலை எண்களோடு ஓடத் தொடங்கியது. தனி சப்ளையில் இருந்த மைக்ரோகன்ட்ரோலர் எதையும் உணராமல் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த பேக் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், செல் 3.65 வோல்ட்டில் சார்ஜ் நிற்க வேண்டும். சிப்பின் தொழிற்சாலை எல்லையோ 4.2 வோல்ட் வகைச் செல்லுக்கானது. சார்ஜர் தன் பங்குக்கு நின்றதால் தப்பித்தோம். ஒரு ரெஜிஸ்டரை எதேச்சையாகப் படித்துப் பார்த்தபோதுதான் நான் எழுதிய எண் அங்கே இல்லை என்று தெரிந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வினாடியும் சிப்பின் பாதுகாப்பு எல்லைகளைத் திரும்பப் படித்து ஒப்பிடுகிறேன். ஒரு பிட் மாறியிருந்தாலும் மாஸ்ஃபெட்டை மூடிவிட்டு முதலிலிருந்து எழுதுகிறேன். சப்ளை பின்னுக்கு முன்னால் டையோடும் கப்பாசிட்டரும் வைப்பது வன்பொருள் பக்கத் தீர்வு: பேக் சரியும்போது கப்பாசிட்டர் சிப்பைத் தாங்கும், டையோடு அந்தச் சார்ஜ் பேக்குக்குத் திரும்பி ஓடாமல் தடுக்கும். இரண்டும் வேண்டும்.

சார்ஜரை மாட்டினாலும் பேக் எழவில்லையே?

சில சார்ஜர்கள் வெளிமுனையில் வோல்ட்டேஜ் இருந்தால்தான் கரன்ட் அனுப்பும். பேக்கோ சார்ஜர் வோல்ட்டேஜ் வந்தால்தான் கதவைத் திறக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். பொத்தான் உள்ள பேக்கை அதைக் கொண்டு எழுப்புங்கள். இல்லையென்றால் கரன்ட் வரம்பை 100 மில்லிஆம்பியருக்குக் கீழே வைத்த பெஞ்ச் சப்ளையைச் சார்ஜர் இடத்தில் மாட்டுங்கள்.

அதற்கு முன்னால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்துவிடுங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த செல்லில் மைனஸ் தகட்டின் செம்பு கரைந்து, திரும்ப சார்ஜ் ஏறும்போது உள்ளேயே ஷார்ட் உண்டாக்கலாம். சில சிப்களில் பூஜ்ய வோல்ட் செல்லுக்குச் சார்ஜ் மறுக்கும் வகை, அனுமதிக்கும் வகை என்று இரண்டும் கிடைக்கும். மறுக்கும் வகை உங்கள் பேக்கில் இருந்து, அது மறுத்தால், அதன் சொல்லைக் கேளுங்கள். அதைச் சுற்றி வயர் போட்டு செல்லுக்கு நேராக சார்ஜ் ஏற்றாதீர்கள்.

சங்கிலியாகப் பல சிப்கள் இருந்தால் எழுப்புவதில் என்ன வேறுபாடு?

எல்டிசி6811 சங்கிலியில் ஒவ்வொரு சிப்பும் விழித்த பிறகே பல்ஸை அடுத்ததற்குக் கடத்தும். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 400 மைக்ரோவினாடி. 12 சிப் என்றால் 4.8 மில்லிவினாடி. அதே சிப்பின் ஐசோஎஸ்பிஐ என்ற தொடர்பு போர்ட் 5 மில்லிவினாடி வாக்கில் சும்மா இருந்தால் ஓய்வுக்குப் போய்விடும், கடைசி சிப் எழுவதற்குள் முதலாவது மறுபடி சாய்ந்துவிடலாம். ஒரே பல்ஸ் அனுப்பிவிட்டு நெடுநேரம் காத்திருக்காமல், சிப்புக்கு ஒன்று என்ற கணக்கில் இடைவெளி விட்டு அடுத்தடுத்து அனுப்புங்கள்.

அப்புறம், சுமார் 2 வினாடி யாரும் பேசாவிட்டால் முழுத் தூக்கம், நீங்கள் எழுதிய அமைப்புகளும் போய்விடும். டீபக்கரில் நிரலை நிறுத்திவைத்து யோசித்துக்கொண்டிருந்தால் அதற்குள் சங்கிலி முழுக்கத் தூங்கியிருக்கும்.

தொடக்கத்தில் சார்ஜ் சதவீதம் தவறாக வருவது ஏன்?

சார்ஜ் எண்ணிக்கையை எங்கிருந்து தொடங்குவது என்று சிப்புக்குத் தெரியாது, செல் வோல்ட்டேஜைப் பார்த்து ஊகிக்கிறது. லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது விழித்தால், 50 மில்லிஓம் செல்லில் 2 ஆம்பியர் ஓடினாலே 100 மில்லிவோல்ட் குறைத்துக் காட்டும், சார்ஜுக்கு ஏற்ப வோல்ட்டேஜ் மாறும் வளைவின் தட்டையான நடுப்பகுதியில் அது பெரிய சதவீதப் பிழை. மாஸ்ஃபெட்டைத் திறப்பதற்கு முன்பே வோல்ட்டேஜை எடுத்துவிடுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லில் அப்படி எடுத்தாலும் நடுப்பகுதியில் நம்ப முடியாது, ஒரு முழு சார்ஜ்வரை பொறுக்க வேண்டும்.

உண்மையான செல்கள் இல்லாமல் தொடக்கத்தைச் சோதிக்க முடியுமா?

முடியும், முதல்முறை அப்படித்தான் செய்ய வேண்டும். பத்து 100 ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகக் கட்டி மேலே 37 வோல்ட் கொடுங்கள், 37 மில்லிஆம்பியர் ஓடும், ஒவ்வொன்றிலும் 3.7 வோல்ட் நிற்கும், சூடு 0.14 வாட்தான், கால் வாட் ரெசிஸ்டர் போதும். சப்ளையின் கரன்ட் வரம்பை 80 மில்லிஆம்பியரில் வைத்தால் எங்காவது தவறு இருந்தாலும் புகை வராது. பேலன்சிங்கை மட்டும் போடாதீர்கள், இந்த ரெசிஸ்டர் ஏணியின் வோல்ட்டேஜ் பங்கீடு குலைந்துவிடும். வோல்ட்டேஜை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கி, சட்டென்று அணைத்துப் போட்டு, ஒவ்வொரு விதத்திலும் சிப் எப்படி எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எழாத போர்டு ஒன்று கைக்கு வந்தால் நீங்கள் எதை முதலில் அளப்பீர்கள்?

மீட்டரின் கருப்பு ஊசியைச் செல் மைனஸில் ஊன்றிவிட்டு, சிப்பின் மேல் சப்ளை பின்னில் பேக் வோல்ட்டேஜ் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு செல் பின்களை ஒவ்வொன்றாக மேலேறி வருவேன், ஒவ்வொரு படியிலும் ஒரு செல் அளவு கூட வேண்டும். அது சரியென்றால் ரெகுலேட்டர் பின்: பூஜ்யம் என்றால் தூக்கம், 3.3 என்றால் விழிப்பு, நடுவில் என்றால் புல்-அப் கசிவு. தூங்கினால் எழுப்பும் பின்னில் பல்ஸை ஆசிலோஸ்கோப்பில் பார்த்து, விழித்திருந்தால் ஐடூசி பதில், நிலை ரெஜிஸ்டர், கடைசியில் கேட் என்று போவேன். சிப்பைச் சூடாக்கும் கருவியைக் கையில் எடுப்பது இத்தனையும் முடிந்த பிறகுதான்.